அறுவை மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (ரஹ்)

மண்டையைத் திறக்காமல் மூக்குத் துவாரத்தின் வழியே மெல்லிய குழாய்க் கருவியைச் செலுத்தி, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும் கட்டியை அகற்றும் சிகிச்சையைப் பற்றி இன்று நாம் கேள்விப்படுகிறோம். அந்தச் சுரப்பியின் இருமருங்கிலும் இரத்தம் நிறைந்த சிரை அறைகள் உள்ளன. மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெரிய தமனியும் அவற்றினூடே செல்கிறது. நாளங்களின் அமைப்பு ஆளுக்கு ஆள் சிறிது மாறுபடும். ஆகவே ஸ்கேன் படத்தில் அவற்றின் பாதையைக் கண்டறிந்த பின்னரே மருத்துவர் கருவியைத் தொடுகிறார். அறிந்த பின்பே கைவைக்க வேண்டும் என்னும் இந்த ஒழுங்கை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வற்புறுத்தியவர் அபுல் காசிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவி அவர்கள்.

கி.பி. 936 வாக்கில் ஸ்பெயினில் குர்துபா நகரை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் அவர்கள் பிறந்தார்கள். ஊரின் பெயரே அவர்களுக்கு அடைமொழியாயிற்று. தம் மருத்துவ அனுபவம் முழுவதையும் 'அத்தஸ்ரீஃப்' என்னும் 30 பாகங்கள் கொண்ட நூலாக எழுதி வைத்தார்கள். அதன் கடைசிப் பாகம் அறுவை சிகிச்சை பற்றியது. சுமார் 200 கருவிகளின் படங்கள் அதில் இடம்பெற்றன. மூக்கினுள் வளரும் சதையைக் கொக்கியால் இழுத்துப் பிடித்து நுண்ணிய கத்தியால் அறுக்கும் முறையையும், வெட்டுண்ட தமனியை நூலால் கட்டி இரத்தத்தை நிறுத்தும் முறையையும் அவர்கள் விளக்கினார்கள்.

உடற்கூற்றைக் கற்காதவன் கத்தியைத் தொடலாகாது என்பது அவர்களின் கண்டிப்பான கொள்கை. ஒரு பெண்ணின் கழுத்துக் கழலையை அறுத்த அறிவற்ற வைத்தியன் ஒருவன் தமனிகளையும் வெட்டிவிட, அவள் இரத்தம் பெருகி அவன் கண்முன்னே உயிர்நீத்ததை எடுத்துக்காட்டி எச்சரித்தார்கள். ஆபத்தான சிகிச்சையில் துணிந்து இறங்காமல் விலகியிருக்கும்படியும் மாணவர்களுக்கு அறிவுறுத்தினார்கள்.

சுமார் 1013-ஆம் ஆண்டில் அவர்கள் மறைந்தார்கள். 12-ஆம் நூற்றாண்டில் கிரிமோனா நகரத்து ஜெரார்டு என்பவர் அறுவை சிகிச்சைப் பாகத்தை லத்தீனில் பெயர்த்தார். பின்னர் பல நூற்றாண்டுகள் ஐரோப்பிய மருத்துவர்கள் அதைப் பாடமாகக் கொண்டனர்.

மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவன் அதனால் விளையும் தீங்குக்குப் பொறுப்பாளி என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. நோயாளியின் உயிர் மருத்துவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நமது உடலோ அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். எனவே ஒத்தக்கடை போன்ற ஊர்களில் வாழும் நம்மவர், கழுத்திலோ மூக்கிலோ கட்டி கண்டால், கைராசிக்காரர் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஓடாமல், மதுரைப் பெரியாஸ்பத்திரியிலோ வேறு நல்ல மருத்துவமனையிலோ கற்றறிந்த மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீட்டுப் பெண்கள் கூச்சத்தால் நோயை மறைத்து நாள் கடத்துவதற்கும் நாம் இடம் கொடுக்கலாகாது.

அந்த மேதையின் உழைப்பை அல்லாஹ் ஏற்றுக் கொள்வானாக! ஆமீன்.