போருக்குப் போட்ட பணம் எங்கே? கடைசிவரை பாக்கி கேட்ட டியூப்ளே

1752 தொடக்கத்தில் சந்தா சாகிப்பின் மகன் ராசா சாகிப், பிரெஞ்சு வீரர்களோடு வந்து பூந்தமல்லி பக்கத்து கிராமங்களைச் சூறையாடினார். பின்னால் இருந்தவர் புதுச்சேரி ஆளுநர் டியூப்ளே.

பிரெஞ்சு கம்பெனிக்கு வேண்டியது வியாபாரம், சண்டை இல்லை. கேட்ட பணம் வராததால் சிப்பாய் சம்பளம், படைச் செலவுக்கு டியூப்ளே சொந்தப் பணத்தைப் போட்டார், தன் பேரில் கடனும் வாங்கினார். கர்நாடகப் பகுதிகளின் நிலவரியில் திரும்ப எடுத்துக்கலாம் என்று கணக்கு.

1754 ஆகஸ்டில் கோதேஹு வந்து இறங்கினார், டியூப்ளேவின் பதவி போச்சு. அவரது கணக்கைப் பைசல் பண்ணவும் கோதேஹு மறுத்துவிட்டார். பிரான்ஸ் திரும்பி வழக்குப் போட்டால், அனுமதி இல்லாமல் செய்த செலவு என்று கம்பெனி கைவிரித்தது. ஜெயித்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. கடன் கொடுத்தவர்கள் நெருக்க, 1763 நவம்பரில் பாக்கி வராமலே பாரிஸில் இறந்தார்.