மெழுகில் பதிந்த பாலைப் பண்

எழுத்தில் ஏறாத பாடலுக்கு அதனைப் பாடும் முதியவரே ஏடு ஆவார். அவர் மறையும் நாளில் பாடலும் மறைந்துவிடும். அமெரிக்காவின் தென்மேற்குப் பாலை நிலத்தில் இவ்விழப்பைக் கண்டுணர்ந்து, அதனைத் தடுக்க அரும்பாடுபட்டவர் சார்லஸ் பிளெட்சர் லம்மிஸ்.

1859 ஆம் ஆண்டு மாசாசூசெட்ஸ் மாநிலத்தின் லின் நகரில் பிறந்த லம்மிஸ், குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்தார். பாதிரியாராகிய தந்தை அவருக்கு இலத்தீன், கிரேக்க மொழிகளைக் கற்பித்தார். ஹார்வார்டில் பயின்ற நாளில் தம் சிறு கவிதைகளைப் பூர்ச்சமரப் பட்டையின் மெல்லிய ஏடுகளில் அச்சிட்டுத் தாமே விற்றார். பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியேறினார்.

1884 இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நாளிதழ் ஒன்றில் பணி கிடைத்தபோது, ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டியிலிருந்து கால்நடையாகவே புறப்பட்டார். ஏறத்தாழ 3,500 மைல் தொலைவை 143 நாள்களில் கடந்தார். அரிசோனாவில் முறிந்த கையைத் தாமே இழுத்துக் கட்டிக்கொண்டு நடந்ததாக அவர் எழுதியுள்ளார். ஆங்கிலம் மட்டுமே பண்பாடு என்ற எண்ணத்தோடு புறப்பட்டவரின் மனத்தை, வழியில் வறியோர் அளித்த விருந்தோம்பல் மாற்றிற்று.

ஓய்வற்ற இதழ்ப்பணி அவர் உடலைச் சாய்த்தது. இடப்பக்கம் வாதத்தால் செயலிழந்த நிலையில், 1888 இல் நியூ மெக்சிகோவின் சான் மேட்டியோ சிற்றூரை அடைந்தார். அங்கே ஆட்டிடையர்களோடு அமர்ந்து, அவர்கள் பாடிய ஸ்பானியப் பாடல்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு மனத்தில் இருத்தினார். அந்நாளில் அவருக்கு நினைவாற்றலே கருவி.

பின்னர் இஸ்லெட்டா என்னும் பியூப்லோ இந்தியரின் ஊரில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். அரசினர் பள்ளி அவ்வூர்க் குழந்தைகளைப் பெற்றோரிடம் அனுப்ப மறுத்தபோது, பெற்றோர் சார்பில் நின்று வழக்காடிக் குழந்தைகளை வீடு சேர்த்தார். தாய்மொழியை மறக்கடிக்கும் பள்ளியில் பாட்டும் மடியும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

லாஸ் ஏஞ்சல்ஸ் திரும்பியபின் இதழாசிரியரானார். ஆற்றுக் கற்களைக் கொண்டு எல் அலிசால் என்னும் இல்லத்தைக் கட்டினார். கவிஞரும் ஓவியரும் இசைவாணரும் அங்கே கூடினர். பழைய பாடல்கள் அக்கூட்டங்களில் மீண்டும் உயிர்பெற்றன.

1904 இல் எடிசனின் ஒலிப்பதிவுக் கருவி அவர் பணிக்குத் துணையாயிற்று. பாடுவோர் ஊதுகுழல் போன்ற வாயின்முன் பாட, சுழலும் மெழுகு உருளையில் ஊசி அவ்வொலியைக் கோடாகக் கீறும். ஓர் உருளையில் அடங்குவது சில நிமிடங்களே. ஒவ்வொரு முறை ஒலிக்கச் செய்யும்போதும் மெழுகு தேயும். கேட்பதே அழிப்பதும் ஆகும். ஆகவே இசையமைப்பாளர் ஆர்தர் ஃபார்வெல் அப்பாடல்களைக் கேட்டு இசைக்குறியீட்டில் எழுதினார். நூற்றுக்கணக்கான பாடல்கள் இவ்வாறு சேர்ந்தன. அவற்றில் பெரும் பங்கு, லாஸ் ஏஞ்சல்ஸைச் சேர்ந்த மானுவேலா கார்சியா என்னும் ஒரே பெண்மணி பாடியது. ஏட்டுத்துணையின்றி ஒருவர் நெஞ்சில் அத்தனை பாடல்கள் வாழ்ந்திருந்தன.

லம்மிஸிடம் குறைகளும் இருந்தன. வெளியார் காண விரும்பப்படாத தவச் சடங்குகளையும் அவர் படம்பிடித்தார். ஸ்பானியப் பாதிரிமார் காலத்தைப் பொற்காலமாகப் போற்றியவர், அக்காலத்தில் பழங்குடியினர் பட்ட துயரை உரிய அளவில் எடைபோடவில்லை. பிறர் குரலைக் காத்தவர் தம் இல்லறத்தைக் காத்திலர், மணவாழ்க்கை முறிந்தது. காப்பவனின் அன்பிலும் உரிமை கொண்டாடும் கை ஒளிந்திருக்கலாம் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

1911 இல் குவாத்தமாலா சென்றபோது தாக்கிய காய்ச்சலால் கண்பார்வை இழந்தார். ஓராண்டுக்கும் மேலாக நீடித்த இருளில் சோர்ந்துவிடவில்லை. மகனின் துணையோடு ஒளிப்படமும் எடுத்தார். பின்னர்ப் பார்வை திரும்பிற்று. 1907 இல் அவர் முயற்சியால் தோன்றிய தென்மேற்கு அருங்காட்சியகம் 1914 இல் தனக்கெனக் கட்டப்பட்ட மனையில் திறக்கப்பட்டது. 1923 இல் ஃபார்வெல்லோடு இணைந்து 14 பாடல்களை நூலாக்கினார். சேர்த்தவற்றில் அது சிறு கூறே. ஆயினும் அவை பாடுவோர் கைக்கு மீண்டன.

1928 நவம்பரில் லம்மிஸ் மறைந்தார். மரப்பட்டையில் கவிதை அச்சிட்டுத் தொடங்கியவரின் இறுதிக் கவிதைத் தொகுதி அவ்வாண்டே வெளிவந்தது. அவரது சாம்பல் எல் அலிசாலின் சுவரில் வைக்கப்பட்டது. அவர் எழுதிய நூல்களுட் பல இன்று அரிதாகவே படிக்கப்படுகின்றன. ஆனால் அவர் பதிந்த மெழுகு உருளைகளில், கீறலும் இரைச்சலும் கலந்து, மானுவேலா கார்சியாவின் குரல் இன்றும் பாடுகிறது. தம் சொல்லினும் பிறர் குரல் நெடிது வாழச் செய்தமையே லம்மிஸின் பெருமை.