அசித கேசகம்பளர்

நூல் இயற்றி நிலைபெற்ற அறிஞர் உலகிற் பலர். நன்மாணாக்கரைப் பெற்று அவர்வாயிலாக நிலைபெற்றாரும் பலர். தம்மை மறுத்தோராலேயே நிலைபெற்றவர் மிகச் சிலர். அச்சிலருள் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர் அசித கேசகம்பளர். வேள்வியும் தானமும் பயனற்றவை, மறுமை என்பதொன்று இல்லை என்று பண்டைநாளிலேயே அஞ்சாது கூறிய இவர் நூல் ஒன்றேனும் நமக்குக் கிடைத்திலது. இவரோடு மாறுபட்ட பௌத்தர்கள் தம் பாலி நூல்களிற் குறித்துவைத்த செய்திகளே இவர் வரலாற்றை அறியத் துணைசெய்வன. மாற்றார் தீட்டிய ஓவியத்தில் ஒருவருடைய மெய்யுருவைக் காண முயல்வோம்.

கங்கை பாயும் சமவெளியில் மகதமும் கோசலமும் வலிமையுற்று ஓங்கிய காலம் அது. ஒருபால் வேள்விச் சடங்குகள் பெருகின. மற்றொருபால் அவற்றில் ஐயங்கொண்டோர் மனைதுறந்து, ஊர்தோறும் சென்று தத்தம் கொள்கைகளை நிறுவினர். அவருள் பெரும்புகழ் பெற்றோர் பூரண காசியபர், மற்கலி கோசாலர், அசித கேசகம்பளர், பகுத கச்சாயனர், சஞ்சய பெலட்டிபுத்தர், நிகண்ட நாதபுத்தர் என்னும் அறுவர். இறுதியிற் கூறப்பட்டவரே சைனர் போற்றும் மகாவீரர். அசிதர் புத்தர் காலத்தவர். ஆண்டில் அவரினும் மூத்தவர். முதியராகிய இவ்வறுவருமே தம்மை முற்றுணர்ந்தோர் என்று சொல்லத் துணியாதிருக்க, இளையராகிய நீர் அவ்வாறு சொல்லுதல் எங்ஙனம் என்று கோசல மன்னன் பசேனதி புத்தரை வினவினான் என்பது பௌத்த நூற்செய்தி.

கேசகம்பளர் என்பது காரணப்பெயர். மனிதர் தலைமயிரால் நெய்த கம்பளத்தை இவர் உடுத்திருந்தார். நெய்யப்பட்ட ஆடைகள் யாவற்றினும் இழிந்தது மயிர்க்கம்பளமே என்பர் பௌத்தர். பனிக்காலத்திற் குளிர்வது, வேனிலிற் சுடுவது, நிறங்கெட்டது, நாற்றமுடையது, உடலை உறுத்துவது என அதன் குற்றங்களை அவர் நூல் அடுக்கிக் கூறும். இவ்வாடையை நாம் மறத்தல் கூடாது. பின்னர் இதனை நாடி மீளவேண்டும்.

இனி அவர் கொள்கையை நோக்குவோம். தானமும் வேள்வியும் பலியும் பயன் தரா. நல்வினை தீவினைகளுக்கு விளைவு இல்லை. இம்மை மறுமைகளைத் தாமே கண்டறிந்து பிறர்க்கு உரைக்கவல்ல முனிவரும் இலர். மனிதன் நிலம், நீர், தீ, வளி என்னும் நாற்பூதங்களின் கூட்டம். இறந்தபின் நிலத்தின் கூறு நிலத்தையும், ஏனையவை தத்தம் முதலையும் சென்றடையும். பொறிகள் வெளியிற் கலக்கும். பாடையைச் சுமந்து செல்லும் நால்வர் சுடுகாடு வரையிலுமே இறந்தவன் புகழைப் பேசுவர். அதன்பின் எஞ்சுவன புறாநிறமாக வெளுத்த எலும்புகளே. அறிஞனுக்கும் பேதைக்கும் முடிவு ஒன்றே. முடிச்சூர்ச் சாலையில் பாடையொன்று செல்லக்கண்டு ஒதுங்கி நிற்கும் நம்மில் யாவர்க்கும் ஒரு கணமேனும் இவ்வெண்ணம் தோன்றாதிராது. அக்கணத்து எண்ணத்தையே தம் வாழ்நாள் முழுவதற்கும் கொள்கையாக்கிக் கொண்டவர் அசிதர்.

இக்கொள்கை ஒருமுறை கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. மகத மன்னன் அசாதசத்துரு தன் தந்தை பிம்பிசாரனைக் கொன்று அரசு கவர்ந்தவன். அவன் அசிதரிடம் சென்று, துறவு வாழ்க்கையால் இம்மையிலேயே கண்கூடாகப் பெறும் பயன் யாது என்று வினவினான். அசிதர் தம் பூதக்கொள்கையை விரித்துரைத்தார். மாங்கனியைப் பற்றி வினவினார்க்குப் பலாவகைக் கனியொன்றைப் பற்றி விடையிறுத்தது போன்றிருந்தது அது என்று மன்னன் பின்னாளிற் கூறினான். துறவியை இகழ மனமின்றி, அவருரையை ஏற்கவும் மறுக்கவும் செய்யாமல், எழுந்து போயினான்.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. தீவினைக்கு விளைவு இல்லை என்னும் சொல் தந்தையைக் கொன்றானொருவனுக்குத் தேனினும் இனித்திருத்தல் வேண்டும். ஆயினும் அஃது அவனுக்கு அமைதி தந்திலது. பின்னர் முழுமதி விளங்கிய ஓர் இரவில், மருத்துவன் சீவகனுடைய மாந்தோப்பில் தங்கியிருந்த புத்தரை அடைந்து, அவருரை கேட்டுத் தன் குற்றத்தை வாய்விட்டு உரைத்தான். அரசனைத் தண்டிப்பார் எவருமிலர். எனினும் அவன் நெஞ்சு அவனை விடவில்லை. அசிதருடைய கணக்கில் அந்நெஞ்சுக்கு இடமில்லாது போயிற்று.

உலகாயதர், சார்வாகர் எனப் பிற்காலத்தார் அழைத்த இன்பவாதிகளுக்கு அசிதரே முன்னோடி என்பர். கடன்பட்டாயினும் நெய்யுண்டு களித்திருப்பதே இவர்தம் நெறி என்னும் பழி 14ஆம் நூற்றாண்டில் மாதவர் வடமொழியில் இயற்றிய சர்வதரிசன சங்கிரகத்திற் காணப்படுவது. அசிதர் கூற்றாகப் பௌத்தர் குறித்தவற்றுள் உண்டு களிக்க என்னும் அறிவுரையே இல்லை. கிரேக்க நாட்டு எபிகூரசுக்கும் இத்தகைய பழியே நேர்ந்தது. கி. மு. 341இல் பிறந்து 270இல் இறந்த அவர், உயிர் அணுக்களாலாயது, உடலோடு கலைந்தழிவது, தேவர்கள் மனிதர் செயலிற் புகுவதில்லை என்று ஏதென்சு நகரத் தோட்டமொன்றில் இருந்து கற்பித்தார். இன்பமே முடிந்த பயன் என்ற அவர், துன்பமும் கலக்கமும் இன்மையையே இன்பமெனக் கொண்டு எளிய உணவோடு வாழ்ந்தார். எனினும் அவர் பெயர் ஐரோப்பிய மொழிகளில் சுவையுணவு விரும்புவோர்க்குப் பெயராயிற்று. அவர் வழியினர் ஏதென்சில் பவுல் அடியாரோடு வாதிட்டமையை அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்திற் காணலாம்.

தமிழ்ப் புலவர்களும் இக்கொள்கையைப் புறக்கணித்திலர். மணிமேகலையின் 27ஆம் காதையில் வஞ்சி நகரத்துப் பூதவாதி தன் கோட்பாட்டை விளக்குகின்றான். தாதகிப் பூவும் வெல்லக்கட்டியும் முதலியன கூடியவழிக் களிப்புத் தோன்றுதல் போலப் பூதங்கள் கூடியவழி உணர்வு தோன்றும். அவை பிரிந்தவழிப் பறையோசை போல அவ்வுணர்வு கெடும் என்கின்றான். காட்சி ஒன்றையே அளவையாகக் கொண்ட அவனை நோக்கி, தாய்தந்தையரையும் அனுமானத்தாலன்றி அறிதல் இயலாதன்றோ என்று மணிமேகலை நகைத்துரைக்கின்றாள். நீலகேசியின் இறுதிச் சருக்கம் பூதவாதத்தை மறுப்பதாகும். 13ஆம் நூற்றாண்டில் எழுந்த சிவஞான சித்தியார் பரபக்கத்தில் முதற்கண் மறுக்கப்படுபவனும் உலகாயதனே. அசிதர் காலத்திற்குப் பின் ஆண்டுகள் ஆயிரத்தைந்நூறு கடந்த பின்னரும் இவ்வாறு விடைகூற நேர்ந்ததென்றால், அவ்வினா எளியதன்று என்பது தெளிவு. அதனை முதலிற் கேட்கவிட்டுப் பின் மறுத்த நம் முன்னோரின் நடுவுநிலைமையும் போற்றற்பாலதே.

இனி, அக்கம்பளத்துக்கு மீள்வோம். வினைக்குப் பயனில்லை, மறுமையில்லை என்றவர், இம்மையின் எளிய இன்பத்தையும் வேண்டாது, வேனிலிற் சுட்டுப் பனியிற் குளிரும் மயிராடையை ஏன் உடுத்தார்? அவர்க்கு அதனாற் பெறும் புண்ணியமும் இல்லை. வேள்வி செய்விப்போர் பெறும் பொன்னும் இல்லை. தாம் மெய்யெனக் கண்டதன்பொருட்டு உடல் வருந்தலை மேற்கொண்டார் என்றே கொள்ளல்வேண்டும். மன்னன் வினவிய வினாவிற்கு அவர் நா விடைகூறத் தவறியது. அவர் உடுத்த ஆடையே ஒருவாறு விடைகூறிற்று. மறுமையில் நம்பிக்கையுடைய எம்போல்வார்க்கு அவர் முடிவு உடன்பாடன்று. ஆயினும் கைம்மாறு கருதி அறஞ்செய்து, அதனையே பக்தி என்று எண்ணியிருப்போர், கைம்மாறு ஒன்றையும் எதிர்நோக்காது வருந்தி வாழ்ந்த அம்முதியவர்முன் சிறிது நாணுதல் தகும்.