மங்கிய வெடிப்புகளைத் தேடியவர்

இறுதியாண்டு ஆய்வுக்காக ஒரு விண்மீனின் ஒளி மாற்றத்தை அளக்க, ஐந்து இரவுகள் விடுதியின் மேல்மாடியில் காத்திருந்தேன். நம் ஊர் மேகங்களைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? ஏட்டில் எழுத ஒன்றுமில்லை. மனம் சோர்ந்து நூலகத்தில் அமர்ந்திருந்தபோதுதான் ஃபிரிட்ஸ் சுவிக்கியின் வரலாறு கைக்குக் கிடைத்தது. கரும்பொருளைப் பற்றிய பாடத்தில் நாம் படித்த அதே சுவிக்கிதான்.

1898இல் பல்கேரியாவின் வார்னா நகரில், சுவிட்சர்லாந்துக்காரரின் மகனாகப் பிறந்தார். சூரிக்கில் இயற்பியல் பயின்று, 1925இல் அமெரிக்காவின் கால்டெக் கல்விக்கழகத்திற்குச் சென்றார்.

1933இல் அவரும் வால்டர் பாடேயும் சேர்ந்து ஒரு துணிச்சலான கருத்தை முன்வைத்தனர். சில விண்மீன் வெடிப்புகள் சாதாரண நோவாக்கள் அல்ல, அவற்றைவிடப் பல ஆயிரம் மடங்கு பெரியவை என்றனர். அவற்றுக்குச் சூப்பர்நோவா என்று பெயரிட்டனர். விண்மீன் உள்நோக்கி இடிந்து, நியூட்ரான்களால் ஆன சிறு பந்தாகச் சுருங்கும்போது அந்த ஆற்றல் வெளிப்படுகிறதாம். நியூட்ரான் கண்டறியப்பட்டு அப்போது இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை!

சொன்னால் போதுமா? காட்ட வேண்டுமே. ஒரு விண்மீன் மண்டலத்தில் இத்தகைய வெடிப்பு மிக அரிது. எனவே பல மண்டலங்களை ஒருசேரக் கண்காணிக்க வேண்டும். கால்டெக் கட்டடத்தின் கூரையில் மூன்றேகால் அங்குல வில்லை கொண்ட கேமராவை வைத்து, இரண்டு ஆண்டுகள் படமெடுத்தார். ஒன்றுகூட அகப்படவில்லை. நானாக இருந்தால் தலைப்பை மாற்றியிருப்பேன்.

அவரோ, பரந்த வானத்தைப் படம்பிடிக்கும் 18 அங்குல ஷ்மிட் தொலைநோக்கியைக் கேட்டு வாங்கினார். 1936இல் பாலமார் மலையில் அது இயங்கத் தொடங்கியது. ஒரே பகுதியை வெவ்வேறு இரவுகளில் படமெடுத்து, புதிதாக முளைத்த புள்ளியைத் தேடுவதுதான் வேலை. அந்தப் புள்ளி தூசியாகவும் இருக்கலாம், நகர்ந்து செல்லும் சிறுகோளாகவும் இருக்கலாம். ஆகவே மறுபடியும் படமெடுக்க வேண்டும். 1937இல் பலன் கிட்டியது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஐசி 4182 என்னும் மங்கலான மண்டலத்தில் அவர் கண்ட வெடிப்பு, அந்த மண்டலம் முழுவதையும்விடப் பல மடங்கு ஒளிர்ந்தது. வாழ்நாளில் 120க்கும் மேற்பட்ட சூப்பர்நோவாக்களைக் கண்டுபிடித்தார்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் புகழ்பெற்ற 1937 வெடிப்புக்கு அவருடைய விளக்கம் பொருந்தாது. அது வேறு வகை. ஒரு வெண்குறு விண்மீன், நம் சந்திரசேகர் கணக்கிட்ட நிறை எல்லையை நெருங்கியபோது அணுக்கரு வினையால் சிதறும் வகை என்று இன்று கருதப்படுகிறது. அதில் நியூட்ரான் விண்மீன் மிஞ்சாது. ஆனால் பெருநிறை விண்மீன்களைப் பொறுத்தவரை சுவிக்கி சொன்னதே சரி. 1967இல் துடிப்பு விண்மீன்கள் அறியப்பட்டன. மறு ஆண்டே, 1054இல் காணப்பட்ட வெடிப்பின் எச்சமான நண்டு நெபுலாவின் நடுவிலும் ஒன்று தென்பட்டது. அப்போது அவருக்கு வயது எழுபது.

முன்கோபி அவர். பாடேயோடும் பகைத்துக்கொண்டார். அந்தக் குணம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் இரண்டாம் உலகப் போரில் அழிந்த நூலகங்களுக்குப் புத்தகங்களைத் திரட்டி அனுப்பியவரும் அவரே.

1974இல் மறைந்தார். 2018 முதல் பாலமாரில் அவர் பெயரால் நடைபெறும் தேடலில் ஆயிரக்கணக்கான சூப்பர்நோவாக்கள் சிக்கியுள்ளன.

ஐந்து இரவுகளும் மேகம் என்று ஏட்டில் எழுதிவிட்டு, ஆறாவது இரவுக்குத் தொலைநோக்கியை முன்பதிவு செய்தேன்.