வெட்டுமேடையில் ஒரு சிரிப்பு

சாவு, நோய், பிரிவு போன்றவற்றைப் பற்றி நகைச்சுவையாகப் பேசுவது தவறா? நம்மில் சிலர் தவறுதான் என்போம். வேறு சிலர், சிரிப்புக்கு எதுவும் விலக்கல்ல என்போம். ஆண்டுதோறும் ஜூன் 22 அன்று திருஅவை நினைவுகூரும் புனித தாமஸ் மோரின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால், இக்கேள்விக்கு நமக்கு ஒரு தெளிவு கிடைக்கும்.

தாமஸ் மோர் 1478ஆம் ஆண்டு இலண்டன் நகரில் பிறந்தார். சிறுவனாகப் பேராயர் ஜான் மார்ட்டனின் இல்லத்தில் பணிவிடை செய்தபோது, கிறிஸ்து பிறப்பு விழா நாடகங்களில் திடீரென நடிகர்களிடையே நுழைந்து, எந்த ஒத்திகையும் இன்றித் தமக்கென ஒரு வேடத்தை உருவாக்கி அனைவரையும் மகிழ்விப்பார். வளர்ந்து வழக்கறிஞரானார். 1516இல் 'உட்டோப்பியா' என்ற நூலை எழுதினார். அறிஞர் எராஸ்மஸ் அவருடைய நெருங்கிய நண்பர். மூடத்தனத்தைப் புகழ்வது போலக் கேலி செய்யும் தமது நூலை எராஸ்மஸ் எழுதியது மோரின் வீட்டில் தங்கியிருந்தபோதுதான். அந்நூலின் இலத்தீன் தலைப்பே மோரின் பெயரை வைத்துச் செய்த சிலேடை. மோர் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை, மகிழ்ந்தார்.

1529இல் அவர் இங்கிலாந்தின் தலைமை அமைச்சருக்கு நிகரான சான்சலர் பதவியை ஏற்றார். மன்னர் எட்டாம் ஹென்றி தம் திருமண விவகாரத்தில் திருத்தந்தையோடு முரண்பட்டு, இங்கிலாந்துத் திருச்சபையைத் தம் தலைமையின்கீழ் கொண்டுவரத் தொடங்கியபோது, 1532இல் மோர் பதவி விலகினார். 1534இல் மன்னர் கோரிய உறுதிமொழியை எடுக்க மறுத்ததால் இலண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். 1535 ஜூலை 1 அன்று அரச துரோகி எனத் தீர்ப்பிடப்பட்டார்.

ஜூலை 6 காலையில், அன்றே சாக வேண்டும் என்ற செய்தியைக் கொண்டுவந்த அதிகாரி அழுதுவிட்டார். சாகவிருந்த மோர்தான் அவரைத் தேற்றினார். வெட்டுமேடை ஆட்டம் கண்டிருந்தது. மேலே ஏறுவதற்கு மட்டும் கைகொடுத்தால் போதும், இறங்குவதைத் தாமே பார்த்துக்கொள்வதாகச் சிறை அதிகாரியிடம் வேடிக்கையாகச் சொன்னார். பின்னர், வெட்டவிருந்தவருக்குத் துணிவூட்டி, தம் கழுத்து மிகவும் குட்டையானது, குறி தவறினால் அவருடைய நற்பெயர் கெட்டுவிடும், கவனம் தேவை என்று கூறினார். இதை மோரின் மருமகன் வில்லியம் ரோப்பர் எழுதிவைத்திருக்கிறார்.

எல்லாரும் இதை இரசிக்கவில்லை. அக்காலத்து வரலாற்றாசிரியர் எட்வர்ட் ஹால், இவரை மூடத்தனமுள்ள அறிவாளி என்பதா, அறிவுள்ள மூடர் என்பதா என்று தமக்குத் தெரியவில்லை என எழுதினார். சாகும் நேரத்திலும் கேலியை விடாதது அவருக்குப் பொறுக்கவில்லை. ஹாலின் வருத்தத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஒரு மனிதரின் இறுதி வேளை புனிதமானதுதான். ஆனால், மோரின் கேலியால் காயப்பட்டவர் யார்? ஒருவரும் இல்லை. அவர் சிரித்தது தம் கழுத்தைப் பற்றி, தம் சாவைப் பற்றி. அந்தச் சிரிப்பு, குற்றமற்ற ஒருவரைக் கொல்லும் வேலை தம்மேல் விழுந்தவர்களின் மனச்சுமையைத்தான் சற்று இறக்கி வைத்தது.

இதே மோரின் கேலி எப்போதும் இப்படி இருக்கவில்லை என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. மார்ட்டின் லூத்தர் மன்னர் ஹென்றியைக் கடுமையாகத் தாக்கி எழுதியபோது, 1523இல் மோர் புனைபெயரில் அதற்குப் பதில் எழுதினார். அதில் உள்ள கழிவறைக் கேலிகளையும் வசைகளையும் படித்தால் இன்று நமக்கே கூச்சமாக இருக்கும். லூத்தரும் அப்படித்தான் எழுதினார் என்பது அதற்குச் சமாதானம் ஆகாது. மோர் சான்சலராக இருந்த ஆண்டுகளில், தப்பறையாளர் எனத் தீர்ப்பிடப்பட்ட சிலர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள் என்பதும் வரலாறு. எதிரியை இழிவாக்கும் சிரிப்பு, அவரும் ஒரு மனிதர் என்பதை மறக்கச் செய்கிறது.

இன்னொரு காட்சியும் உண்டு. தீர்ப்புக்குப்பின் மோர் சிறைக்குத் திரும்பியபோது, மகள் மார்கரெட் காவலர்களை விலக்கிக்கொண்டு ஓடிவந்து அவரைக் கட்டி அணைத்து முத்தமிட்டாள். அந்த நேரத்தில் அவர் எந்த வேடிக்கையும் பேசியதாக ரோப்பர் எழுதவில்லை. தந்தைக்குரிய ஆசீர் அளித்தார், ஆறுதல் கூறினார். தம் சாவைப் பற்றித் தாமே சிரிக்க முடிந்தவர், அந்தச் சாவுக்காக அழும் மகளின்முன் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

ஆக, சாவும் சமயமும் கேலிக்கு ஆகாத பொருள்கள் என்பதால் அல்ல, அந்தக் கேலியின் சுமை யார்மேல் விழுகிறது என்பதாலேயே அது குற்றமாகிறது. தம்மேல் விழும்படி பேசினால் அது தாழ்ச்சி; ஏற்கெனவே சுமை தாங்குபவர்மேல் விழும்படி பேசினால் அது கொடுமை.

மோரைத் திருஅவை 1935இல் புனிதராக உயர்த்தியது. 2000ஆம் ஆண்டில் அரசியல்வாதிகளின் பாதுகாவலராக அறிவித்தது. நம் வீடுகளிலும் அன்பியக் கூட்டங்களிலும் ஒருவரின் நோயையோ, குறையையோ, துயரத்தையோ வைத்து ஒரு நகைச்சுவை நம் நாவின் நுனிக்கு வரும்போது, வெட்டுக்கட்டையில் இருப்பது நம் கழுத்தா, பிறர் கழுத்தா என்று ஒரு கணம் நம்மையே கேட்டுக்கொள்வோம்.