ஆலைநகரில் பல்லியம் கண்ட பெருமகன்

கலைகளைப் புரந்தோர் யாவரென வினவின், முடிமன்னரும் குறுநில வேந்தரும் செல்வச் சீமான்களுமே என்பது உலகெங்கும் வழங்கும் விடை. அரசவையும் மாளிகையும் இன்றி, நெசவாலைகளின் புகைசூழ்ந்த தொழில் நகரொன்றில், பொதுமக்கள் கொடுக்கும் சிறுகாசினைக் கொண்டே பேரிசையை வளர்த்தல் கூடுமென மெய்ப்பித்தவர் சேர் சாள்ஸ் ஹல்லே என்பார். பல இயங்கள் ஒருங்கு முழங்கும் தொகுதியைப் பல்லியம் என்றனர் நம் முன்னோர். மேனாட்டார் சிம்பனி ஓர்கெஸ்ட்ரா எனப் போற்றுவதற்கு அச்சொல் நன்கு பொருந்தும். இங்கிலாந்தின் மன்செஸ்டர் நகரத்துக்கு அத்தகைய பல்லியம் ஒன்றனை அளித்த அன்னாரின் வரலாறு அறியத்தக்கது.

ஜேர்மனியின் வெஸ்ற்பாலியாப் பகுதியிலுள்ள ஹாகன் என்னுஞ் சிற்றூரில், 1819ஆம் ஆண்டு ஏப்ரில் 11ஆந் திகதி கார்ல் ஹல்லே பிறந்தார். தந்தையார் தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். எனவே இசை, தாய்மொழிபோல் இல்லத்திலேயே வாய்த்தது. 1836ஆம் ஆண்டில் பியானோக் கல்வியை நிறைவுறுத்தக் கருதிப் பரிஸ் மாநகர் சென்றார். ஆங்கே ஷொப்பான், லிஸ்ற், பேர்லியோஸ் ஆகிய இசைமேதைகளின் நட்பு அவருக்குக் கிட்டியது. மணம் புரிந்து, மக்களைப் பெற்று, பரிசிலேயே நிலைகொள்ளலாமென எண்ணியிருந்த வேளையில் 1848ஆம் ஆண்டுப் புரட்சி மூண்டது. இசை கேட்போர் சிதறினர். இசை பயில்வோர் அகன்றனர். குடும்பத்தைக் காக்கும் வழி நாடி ஆங்கில நாடு புகுந்தார். கார்ல் என்னும் பெயர் சாள்ஸ் ஆயிற்று.

அவ்வாண்டிலேயே மன்செஸ்டரில் வாழ்ந்த ஜேர்மன் வணிகர் ஒருவரின் அழைப்பை ஏற்று அந்நகரை அடைந்தார். ஆங்கு உறுப்பினர் மாத்திரமே நுகர்தற்குரிய இசைச்சங்கம் ஒன்று பண்டுதொட்டு நிலவிற்று. ஆயின் அச்சங்கத்தின் வாத்தியக் குழுவோ பரிசின் இசையிற் பழகிய செவிக்குப் பெருந் துன்பமாயிற்று. நகரை விட்டே நீங்கிவிடலாமோ என அவர் எண்ணினர். பின்னர் அச்சங்கம் தன் குழுவை நடத்தித் தருமாறு வேண்டியபோது, பழையோரை விலக்கவும் தக்கோரைச் சேர்க்கவும் தமக்கு முழு உரிமை வேண்டுமென வற்புறுத்திப் பெற்ற பின்னரே பொறுப்பேற்றார்.

1857ஆம் ஆண்டு அந்நகரிற் கலைச்செல்வங்களின் பெருங் கண்காட்சியொன்று நிகழ்ந்தது. பதின்மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அதனைக் கண்டனர். வந்தோரை மகிழ்விக்க நாடோறும் இசை நிகழ்த்தும் பொறுப்பு ஹல்லேயிடம் ஒப்புவிக்கப்பட்டது. இலண்டனிலும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலுமிருந்து தேர்ந்த கலைஞரைத் திரட்டி விரிவான பல்லியம் ஒன்றனை அவர் அமைத்தார். ஒக்டோபரிற் கண்காட்சி நிறைவெய்தியது. இசைக்கலைஞர் பிரிந்துசெல்லும் நாளும் அணுகிற்று. ஈன்ற மகவை இழக்கும் தாய்போல வருந்திய ஹல்லே, அக்குழுவைக் கலையவிடாது, தம் சொந்தப் பொறுப்பிலேயே வாரந்தோறும் கச்சேரி நடத்தத் துணிந்தார்.

1858ஆம் ஆண்டு ஜனவரி 30ஆந் திகதி, சுதந்திர வாணிக மண்டபத்தில் முதற் கச்சேரி நிகழ்ந்தது. அம்மண்டபம் நின்ற நிலமும் நினைத்தற்குரியது. ஹல்லே பிறந்த அதே 1819ஆம் ஆண்டில், வாக்குரிமை வேண்டித் திரண்ட எளிய மக்களைக் குதிரைப்படை வெட்டி வீழ்த்திய களம் அது. எந்த மக்கள் ஆங்கே துரத்தப்பட்டனரோ அவர்தம் வழிவந்தோர், எளியோர்க்கியலும் கட்டணத்துடன் அமர்ந்து பீதோவனின் பேரிசையைக் கேட்குங் காலம் வந்துற்றது.

தொடக்கத்தில் இருக்கைகள் பல வெறுமையாய்க் கிடந்தன, நட்டமும் நேர்ந்தது. ஹல்லே தளர்ந்திலர். மெல்ல மெல்லக் கூட்டம் பெருகிற்று. முதற் பருவத்தின் முப்பது கச்சேரிகளும் முடிந்தபின் கணக்குப் பார்த்தபோது எஞ்சிய ஊதியம் இரண்டரைச் சிலிங் மாத்திரமே. பொறுப்பாளர் அதனைப் பத்து மூன்றுபென்சு நாணயங்களாகக் கொணர்ந்து கொடுத்தனர். கச்சேரி ஒன்றுக்கு ஒரு பென்சு வீதம் பெற்ற அவ்வூதியத்தை அவர் நகைமுகத்துடன் ஏற்றுக்கொண்டார். 1861ஆம் ஆண்டு முதல் அமெரிக்க உள்நாட்டுப் போரினாற் பஞ்சு வரவு தடைப்பட, நெசவாலைகள் மூடுண்டு அப்பகுதி வறுமையில் ஆழ்ந்தது. அந்நாளிலும் கச்சேரிகள் நின்றில.

கேட்போர் விரும்புவதை மாத்திரம் இசைத்து அவர் அமைந்தாரல்லர். விரும்பத் தக்கதை விரும்பச் செய்தார். தம் நண்பர் பேர்லியோசின் கற்பனைச் சிம்பனியை 1879ஆம் ஆண்டில் முதன்முதலாக ஆங்கில மண்ணில் முழுமையாக ஒலிக்கச் செய்தார். 1888ஆம் ஆண்டு சேர் பட்டம் பெற்றார். அவ்வாண்டே வயலின் வல்லுநரான வில்மா நெரூடா அம்மையாரை மறுமணம் புரிந்தார். 1893ஆம் ஆண்டில் மன்செஸ்டர் இசைக் கல்லூரி தோன்றிய ஞான்று அதன் முதல் அதிபருமானார்.

1895ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆந் திகதி ஹல்லே காலமானார். ஈண்டு ஓர் உண்மையை மறைத்தலாகாது. ஏறத்தாழ முப்பத்தெட்டு ஆண்டுகளாக அப்பல்லியம் அவர் ஒருவரின் தோளிலேயே நின்றது. இலாபமும் நட்டமும் அவருடையன, ஆட்சியும் அவருடையதே. ஒற்றைத் தூணில் நிற்கும் மண்டபம், தூண் சாயும்போது தானும் சாயுமன்றோ? அங்ஙனம் சாயாவாறு நண்பர் மூவர் முன்வந்து கச்சேரிகளுக்குப் பணப்பிணை நின்றனர். 1899ஆம் ஆண்டில் அதற்கெனச் சங்கம் அமைந்தது. வணிகர் ஒருவர் அழைத்த கலைஞரின் சொத்தாயிருந்தது நகரத்தாரின் பொதுச்சொத்தாயிற்று.

அதன் பயன் பின்னர் விளங்கிற்று. ஹான்ஸ் ரிக்டரின் தலைமையில் 1908ஆம் ஆண்டு எல்காரின் முதலாவது சிம்பனி ஆங்கேயே அரங்கேறியது. 1940ஆம் ஆண்டுக் குண்டுவீச்சில் மண்டபம் அழிந்தது. 1943இல் ஜோன் பார்பிறோலி வந்தபோது கலைஞர் சிலரே எஞ்சியிருந்தனர். சில வாரங்களுள் புதியோரைத் திரட்டி அவர் பல்லியத்தை மீட்டார். 1996ஆம் ஆண்டு முதல் பிரிட்ஜ்வோட்டர் மண்டபம் அதன் இருப்பிடமாக விளங்குகின்றது.

கலைநிறுவனம் ஒன்றனைத் தொடங்குதற்குத் தனியொருவரின் வேட்கை வேண்டும். அது நின்று நிலவுதற்கோ ஊரவர் பலரின் கடப்பாடு வேண்டும். முன்னையதை ஹல்லே அளித்தார். பின்னையதை மன்செஸ்டர் மக்கள் அளித்தனர். இவ்விரண்டில் ஒன்று குறையினும், பத்துச் சிறு நாணயங்களுடன் அவ்விசை அன்றே அடங்கியிருக்கும்.