எக்ஸ்ரே படத்தில் ஒரு சிறு முக்கோணம்: எலும்புப் புற்றுநோய்க்குப் பதிவேடு தந்த மருத்துவர் காட்மன்

ஸ்ரீ விஜயபுரம்: அந்தமான் நிக்கோபார் தீவுகளில் பள்ளிச் சிறுவன் ஒருவனுக்கு முழங்கால் வீங்கி, இரவில் வலி கூடினால், முதலில் எடுக்கப்படுவது சாதாரண எக்ஸ்ரே படம்தான். போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தின் ஜி.பி. பந்த் மருத்துவமனையிலும் அதுவே தொடக்கம். அந்தப் படத்தில் எலும்பின் ஓரத்தில் சிறு முக்கோணம் ஒன்று தென்பட்டால், விளையாட்டில் பட்ட அடி என்று சொல்லி அனுப்பிவிட முடியாது. குடும்பம் சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ புறப்பட வேண்டியிருக்கும். கப்பலில் சென்றால் ஏறத்தாழ மூன்று நாள் பயணம்.

மருத்துவ மாணவர்கள் உலகெங்கும் மனப்பாடம் செய்யும் அந்த அடையாளத்துக்கு 'காட்மன் முக்கோணம்' என்று பெயர். அமெரிக்க அறுவை மருத்துவர் எர்னெஸ்ட் அமோரி காட்மனின் பெயர் அது. உண்மையில் அதனை முதலில் விவரித்தவர் அவரல்லர்; ஜெர்மானிய நோயியல் அறிஞர் ஹ்யூகோ ரிபெர்ட் 1914-ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். எனினும் பெயர் காட்மனிடமே நிலைத்துவிட்டது. அதற்குரிய உழைப்பு அவரிடம் இருந்தது.

காட்மன் 1869 டிசம்பர் 30 அன்று பாஸ்டன் நகரில் பிறந்தார். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் 1895-இல் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் மூளை அறுவை சிகிச்சையின் முன்னோடியாகப் புகழ்பெற்ற ஹார்வி குஷிங் அவருடைய உடன்பயின்ற நண்பர். அறுவையின்போது ஈதர் கொடுக்கும் பணி அக்காலத்தில் மாணவர்களிடமே விடப்பட்டிருந்தது. யார் சிறப்பாக மயக்கம் கொடுக்கிறார் என்று இருவரும் ஒரு விருந்தைப் பந்தயம் கட்டினர். நாடித்துடிப்பை நேரந்தோறும் தாளில் குறித்துவந்தனர். மயக்க மருந்துக் குறிப்பேடு என்னும் வழக்கம் அந்தப் பந்தயத்திலிருந்தே வளர்ந்தது.

அவர் பட்டம் பெற்ற அதே ஆண்டின் நவம்பரில் ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். செய்தி அமெரிக்காவை எட்டியதுமே காட்மன் அதில் இறங்கிவிட்டார். நோயைத் தேடுவதற்கு முன், நோயற்ற உடலின் மூட்டுகள் படத்தில் எவ்வாறு தெரியும் என்பதை அறிய வேண்டும் என்று கருதி, இயல்பான எலும்புகளின் படத்தொகுப்பு ஒன்றை உருவாக்கினார். 1899-இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் எக்ஸ்ரே மருத்துவராக நியமிக்கப்பட்டார். கதிர்களால் ஏற்பட்ட தீக்காயங்களைத் திரட்டி 1902-இல் கட்டுரையும் எழுதினார்.

ஆனால் அவரை வாழ்நாள் முழுவதும் ஆட்டிப்படைத்தது வேறொரு கேள்வி. அறுவை முடிந்து வீடு திரும்பிய நோயாளி ஓராண்டுக்குப் பிறகு எப்படி இருக்கிறார்? பணிமூப்பைப் பார்த்துப் பதவி தந்த மருத்துவமனைகள் இதனைக் கேட்கவே இல்லை. ஒவ்வொரு நோயாளியையும் பின்தொடர்ந்து, சிகிச்சை பலித்ததா, பலிக்காவிட்டால் ஏன் என்று எழுதிவைக்க வேண்டும் என்றார் காட்மன். 1911-இல் சொந்தமாகச் சிறு மருத்துவமனை ஒன்றைத் தொடங்கி, 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய 337 நோயாளிகளின் சிகிச்சையில் 123 பிழைகள் நேர்ந்ததாகத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். தம் தவறுகளை விலை கொடுத்து அச்சிட்ட மருத்துவர் அன்றும் அரிது, இன்றும் அரிது.

மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைப் பதவியை 1914-இல் துறந்தார். 1915 ஜனவரியில் மருத்துவர் கூட்டமொன்றில் பெரிய கேலிச்சித்திரம் ஒன்றைத் திரைவிலக்கிக் காட்டினார்: மணலில் தலை புதைத்த தீக்கோழி ஒன்று, தன் பொன்முட்டைகளை மருத்துவர்களை நோக்கி உதைத்துத் தள்ளுகிறது. பணக்கார நோயாளிகளே அந்தத் தீக்கோழி. அவை கொந்தளித்தது. அவர் தலைமைப் பொறுப்பை இழந்தார். ஹார்வர்டின் ஆசிரியப் பணியும் போயிற்று. சித்திரம் சற்று மிகையானதே. அதில் இருந்த குற்றச்சாட்டை மறுத்துக் கணக்குக் காட்ட மட்டும் எவரும் முன்வரவில்லை.

எலும்புப் புற்றுக்கு அவர் வந்தது இந்தத் தோல்விக்குப் பிறகுதான். 1920-இல் எலும்புப் புற்று என்று ஐயுறப்பட்ட நோயாளி ஒருவரின் குடும்பத்தார், இந்நோயிலிருந்து எவரேனும் பிழைத்ததுண்டா என்று அறிய விரும்பினர். காட்மன் நாடெங்கும் உள்ள அறுவை மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதினார். வந்த விடைகள் குழப்பமாக இருந்தன. ஒரே கட்டிக்கு ஊருக்கொரு பெயர். குணமானதாகச் சொல்லப்பட்டவை பலவும் புற்றுதானா என்பதே ஐயம். உயிருக்கு ஊறு செய்யாத கட்டிக்காகக் காலை வெட்டுவதும், கொடிய கட்டியை வெறும் வீக்கமென விட்டுவிடுவதும் நடக்கக்கூடிய நிலை.

ஜேம்ஸ் யூயிங், ஜோசப் பிளட்குட் ஆகியோருடன் சேர்ந்து, அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் சார்பில் எலும்புச் சார்கோமா பதிவேட்டை உருவாக்கினார். ஒவ்வொரு நோயாளிக்கும் எக்ஸ்ரே படம், நுண்ணோக்கிக் கண்ணாடித் தகடு, நோய் வரலாறு, முடிவில் அவர் பிழைத்தாரா இல்லையா என்ற குறிப்பு ஆகிய அனைத்தும் ஒரே கோப்பில் சேர்ந்தன. படத்தில் காணும் நிழலுக்குப் பொருள் கிடைத்தது அந்தக் கடைசிக் குறிப்பால்தான். கட்டிகளின் பெயர்களை வரையறுக்கும் அவரது நூல் 1925-இல் வெளிவந்தது.

அந்த முக்கோணம் உருவாகும் விதம் எளிது. எலும்பின்மேல் மெல்லிய உறை ஒன்று போர்த்தியிருக்கிறது. உள்ளிருந்து கட்டி மேலெழும்பும்போது உறை தூக்கப்படுகிறது. தூக்கப்பட்ட உறை புதிய எலும்பை உண்டாக்க முயல்கிறது. கட்டி மெதுவாக வளர்ந்தால் அதற்கு அவகாசம் உண்டு. வேகமாக வளர்ந்தாலோ, உறை இன்னும் எலும்பைத் தொட்டிருக்கும் ஓரத்தில் மட்டும் புதிய எலும்பு படிந்து முக்கோணமாக நிற்கிறது. பதின்பருவத்தினரின் முழங்கால் அருகே அதிகம் தோன்றும் ஆஸ்டியோசார்கோமாவில் இது காணப்படும். சீழ்த்தொற்றிலும், உறைக்கடியில் இரத்தம் கட்டினாலும்கூட இது தோன்றலாம். ஆகவே வயது, எந்த எலும்பு, அரிப்பின் விளிம்பு கூர்மையா மங்கலா என்பதையும் சேர்த்தே மருத்துவர் முடிவுக்கு வருகிறார். பின்னர் எம்.ஆர்.ஐ., அதன்பின் திசுப் பரிசோதனை. திசுவை எடுக்கும் இடம் தவறினால் காலைக் காப்பாற்றும் வாய்ப்பே போகலாம் என்பதால், அறுவை செய்யவிருக்கும் மையத்திலேயே அதை எடுப்பது நல்லது. தீவுகளிலிருந்து கிளம்பும் குடும்பங்களுக்கு இது முக்கியமான செய்தி.

அறுவை மட்டுமே இருந்த காலத்தில் ஆஸ்டியோசார்கோமா நோயாளிகளில் ஐவரில் ஒருவர்கூடப் பிழைப்பது அரிது. 1970-களில் வேதிமருந்து சேர்ந்தபின், பரவுமுன் கண்டறியப்பட்டவர்களில் பத்தில் ஆறேழு பேர் பிழைக்கின்றனர். புற்றுநோயாளிகளைப் பதிவுசெய்யும் தேசியத் திட்டம் இந்தியாவில் 1982 ஜனவரியில் சென்னை, மும்பை, பெங்களூரு நகரங்களில் தரவு திரட்டத் தொடங்கியது.

காட்மனின் தோள்மூட்டு நூல் 1934-இல் அவர் சொந்தச் செலவில் வெளிவந்தது. சென்னையில் பர்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டுதான். 1940 நவம்பர் 23 அன்று மெலனோமா என்னும் தோல் புற்றால் அவர் காலமானார். மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் அவர் புதைக்கப்பட்ட இடத்தில் பெயர் பொறித்த கல் இல்லை. மருத்துவ அமைப்புகள் ஒன்றுகூடி அங்கே ஒரு கல்லை நட்டது 2014-இல்.